பிரதி இல்லாத பிரசங்கம்: நூற்பட்டியலை நம்பிக் கொடுத்த ஒரு பதிலும் அதைத் திருத்திய எட்டு மாதங்களும்

இந்த நிகழ்வு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு சிறிய கல்லூரி நூலகத்தில் நடந்தது. அங்கே ரெஃபரன்ஸ் மேசையில் வேலை பார்ப்பவர்களில் நானும் ஒருவன். ஊர், பாதிரியார், அச்சகம், செய்தித்தாள், நூற்பட்டியலின் பதிவு எண் எதையும் இங்கே சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை தெரிந்துவிடும். சம்பந்தப்பட்ட ஊர்க்குழுவிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். தவறு எங்கள் பக்கம் நடந்தது. பழைய அச்சு நூல்களைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிற எவருக்கும் இதே தவறு நேரலாம் என்பதால் முழுவதையும் வரிசையாக எழுதி வைக்கிறேன்.

பின்னணி

1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் பிரிட்டிஷ் படைக்கும் குடியேற்ற நாட்டு மக்கள் படைக்கும் மோதல் நடந்தது. அமெரிக்க விடுதலைப் போர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2025இல் அதற்கு 250 ஆண்டு. மாசசூசெட்ஸில் ஊருக்கு ஊர் நினைவுக் குழுக்கள் அமைந்தன. எங்களுக்குப் பக்கத்து ஊரிலும் ஒரு குழு இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தலைவர். ஒரு பொருளாளர், தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு முதியவர், இன்னும் சிலர். அவர்கள் இரண்டு காரியம் செய்ய நினைத்தார்கள்: ஒரு சிறு நூல், தேவாலய வாசலில் ஒரு வெண்கலப் பலகை.

இரண்டுக்கும் மையம் 1774 டிசம்பர் 15 அன்று அவ்வூர்ப் பாதிரியார் செய்த பிரசங்கம். அந்த நாளுக்கு ஒரு தனிக் கனம் உண்டு. நன்றி கூறும் நாளை அறிவிப்பது வழக்கமாக ஆளுநரின் வேலை. அந்த ஆண்டு பாஸ்டன் துறைமுகம் ஜூன் மாதம் முதலே மூடிக் கிடந்தது. நகரத்தில் படை இறங்கியிருந்தது. அரசரின் ஆளுநரைப் பொருட்படுத்தாமல் கூடிய மாகாண காங்கிரஸ்தான் டிசம்பர் 15ஐ நன்றி நாளாக அனுசரிக்கும்படி கேட்டுக்கொண்டது. அதை ஏற்றுப் பிரசங்க மேடையில் ஏறுவதே ஓர் அரசியல் நிலைப்பாடுதான். ராக்ஸ்பரியில் வில்லியம் கார்டன் அன்று செய்த பிரசங்கம் 1775இல் பாஸ்டனில் அச்சாகி வந்தது. இன்றும் ஆய்வாளர்கள் அதைப் படிக்கிறார்கள். தங்கள் பாதிரியாரின் பிரசங்கமும் அதேபோல அச்சானது என்று இந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். ஆனால் அதை யாரும் படித்ததில்லை.

முதல் கேள்வி, முதல் பதில்

2024 செப்டம்பரில் குழுத் தலைவர் எங்களுக்கு எழுதினார். பிரசங்கம் அச்சானது உண்மைதானா, எங்கே பார்க்கலாம் என்ற இரண்டே கேள்விகள். எங்கள் இளைய சகா இரண்டு நாளில் பதில் தயாரித்தார். அனுப்பும் முன் நான் படித்துப் பார்த்து, சரி என்றேன். அந்தப் பதிலின் சாரம் இது: பிரசங்கம் 1775இல் அச்சானது உறுதி, நான்கு இடங்களில் பதிவாகியிருக்கிறது.

முதலாவது, அச்சகர் ஐசையா தாமஸ் எழுதிய அமெரிக்க அச்சு வரலாற்றின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பு. அதன் இரண்டாம் தொகுதியில், புரட்சிக்கு முன் அமெரிக்காவில் அச்சான நூல்களின் நீண்ட பட்டியல் ஒன்று பின்னிணைப்பாக இருக்கிறது. தொகுத்தவர் நூலகர் சாமுவேல் ஹேவனின் மகன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் படை மருத்துவராகப் போன அவர் 1862இல் ஃபிரெடரிக்ஸ்பர்க் சண்டையில் இறந்தார். பட்டியல் அவருக்குப் பிறகே அச்சேறியது. இரண்டாவது, சார்லஸ் எவன்ஸின் 'அமெரிக்கன் பிப்ளியோகிராஃபி', ஐந்தாம் தொகுதி, 1909. மூன்றாவது, 1880களில் வெளிவந்த ஊர் வரலாறு. அது அந்தப் பிரசங்கத்திலிருந்து இரண்டு வாக்கியங்களை மேற்கோளாகவே கொடுத்திருந்தது. நான்காவது, எங்கள் நூலகத்தின் கணினிப் பட்டியல். அதில் 'மைக்ரோபிரிண்ட் (அட்டையில் பொடியாக அச்சிட்ட நகல்), 1 பிரதி' என்று இருந்தது.

நான்கு சாட்சிகள் ஒன்றுபோலச் சொல்லும்போது வேறு என்ன வேண்டும் என்று நினைத்தோம். நான்கில் எதையுமே நாங்கள் எழுந்துபோய்த் தொட்டுப் பார்க்கவில்லை. எங்கள் சொந்தப் பிரதியைக்கூடப் பார்க்கவில்லை. மைக்ரோபிரிண்ட் பெட்டிகள் நிலவறையில் இருந்தன. அவற்றைப் படிக்கும் கருவி பழுதாகிப் பல வருடம் ஆகியிருந்தது.

எவன்ஸின் பட்டியல் எப்படி உருவானது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதில்தான் நிற்கிறது.

அமெரிக்காவின் பழைய நூல்களைத் தேடுபவர்கள் கையில் எடுக்கும் பெரும் பட்டியல்கள் இரண்டு. ஒன்று ஜோசப் சேபின் தொடங்கியது. அமெரிக்காவைப் பற்றி உலகில் எங்கே அச்சான நூலானாலும் அதில் சேரும். 1868இல் தொடங்கி 1936இல்தான் முடிந்தது. 29 தொகுதிகள், 1,06,413 எண்கள். சேபின் 1881இல் இறந்தார். வில்பர்ஃபோர்ஸ் ஈம்ஸ் கையில் போய், நடுவில் பல ஆண்டு நின்று, கடைசியில் ஆர்.டபிள்யு.ஜி. வெய்ல் முடித்து வைத்தார். இன்னொன்று எவன்ஸுடையது. அமெரிக்க மண்ணில் அச்சானது மட்டும். 1639 முதல் ஆண்டு வரிசையில் வரும். 1903இல் முதல் தொகுதி வந்தது. பன்னிரண்டு தொகுதிகளைத் தனி மனிதராகக் கொண்டுவந்த எவன்ஸ், 1799ஆம் ஆண்டின் 'எம்' எழுத்துவரை வந்த நிலையில் 1935இல் இறந்தார். பதின்மூன்றாம் தொகுதியை கிளிஃபோர்ட் ஷிப்டன் 1955இல் முடித்தார். மொத்தம் 39,162 எண்கள்.

எவன்ஸின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். அனாதையாக வளர்ந்தவர், பாஸ்டன் அத்தீனியம் நூலகத்தில் வேலை கற்றவர், நூலக வேலைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தவர். ஐம்பது வயதுக்கு மேல் சந்தாதாரர்களை நம்பி இந்த வேலையில் இறங்கினார். அவர் இல்லாவிட்டால் 18ஆம் நூற்றாண்டு அமெரிக்க அச்சைப் பற்றி நாம் இருட்டில் துழாவிக்கொண்டிருப்போம். ஆனால் அவர் எல்லா நூல்களையும் கையில் எடுத்துப் பார்த்து எழுதவில்லை. ஒரு மனிதரால் அது முடியவும் முடியாது. பழைய செய்தித்தாள் விளம்பரங்களிலிருந்தும் ஏல விற்பனைப் பட்டியல்களிலிருந்தும் நூல்களைச் சேர்த்தார். ஒரு பஞ்சாங்கம் 1760இலும் 1762இலும் வந்திருந்தால் 1761இலும் வந்திருக்கும் என்று ஊகித்துச் சேர்த்தது போன்ற பதிவுகளும் உண்டு. 'அச்சில் இருக்கிறது, விரைவில் வெளிவரும்' என்ற விளம்பரமும் அவருக்கு ஒரு நூல்தான். பழைய புத்தகங்களின் பின்னட்டையில் 'அச்சில்' என்று போட்ட தலைப்புகளைப் பார்த்திருப்போம். அவற்றில் எத்தனை வராமலேயே போயின என்பதும் நமக்குத் தெரியும். லண்டனிலிருந்து வந்த நூலைக் கடைக்காரர் 'இப்போது வெளியானது, இங்கே கிடைக்கும்' என்று விளம்பரம் செய்தால், அது உள்ளூர் அச்சாகப் பதிவாகிவிடும். இப்படிப்பட்டவற்றை நூலகர்கள் பேய்ப் பதிவுகள் என்பார்கள். எண் இருக்கும், தலைப்பு இருக்கும், புத்தகம் இருக்காது.

எவன்ஸின் பக்கத்தைக் கூர்ந்து பார்த்தால் இது ஓரளவு தெரியும். அவர் பார்த்த நூலுக்குப் பக்க எண்ணிக்கை, அளவு, எந்த நூலகத்தில் உள்ளது என்ற குறி எல்லாம் இருக்கும். பார்க்காததற்கு இவை விடுபட்டிருக்கும். எங்கள் பிரசங்கத்தின் பதிவில் பக்க எண்ணிக்கையும் இல்லை, நூலகக் குறியும் இல்லை. செப்டம்பரில் அந்தப் பக்கம் எங்கள் கண் முன்னால் திறந்துதான் இருந்தது. தலைப்பைக் கண்டதும் மூடிவிட்டோம்.

நவம்பர்: நிலவறையில்

எங்கள் பதிலை நம்பிக் குழு வேகமாக நகர்ந்தது. பிரசங்கத்தை முழுதாக மறுபதிப்பு செய்வது என்று தீர்மானித்தார்கள். 'இங்கே நிகழ்த்தப்பட்டு 1775இல் பாஸ்டனில் அச்சிடப்பட்ட' என்று தொடங்கும் வாசகத்தை வெண்கலப் பலகைக்கு முடிவு செய்து, வார்ப்பகத்துக்கு முன்பணமும் கொடுத்தார்கள். நவம்பரில் பொருளாளர் ஸ்கேன் வாங்கிக்கொள்ள நேரில் வந்தார்.

எவன்ஸ் பட்டியலில் உள்ள நூல்களை, கிடைத்தவரை, அமெரிக்கன் ஆன்டிக்குவேரியன் சொசைட்டியும் ரீடெக்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955 முதல் மைக்ரோபிரிண்டாக வெளியிட்டன. பிறகு அதுவே கணினித் தொகுப்பாகவும் வந்தது. நான் கணினித் தொகுப்பில் எண்ணைக் கொடுத்துத் தேடினேன். அந்த எண்ணே வரவில்லை. தட்டெழுத்துப் பிழையோ என்று இரண்டு முறை பார்த்துவிட்டு நிலவறைக்கு இறங்கினேன். மைக்ரோபிரிண்ட் என்பது படச்சுருள் கிடையாது. ஆறுக்கு ஒன்பது அங்குலக் கனத்த காகித அட்டையில் பக்கங்களைப் பொடியாக அச்சடித்திருப்பார்கள். மேலே தலைப்பு மட்டும் வெறும் கண்ணால் படிக்கும் அளவில் இருக்கும். அட்டை இருந்தது. தலைப்பும் இருந்தது. கீழே பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில், எவன்ஸ் இந்தப் பதிவை ஒரு விளம்பரத்திலிருந்து எடுத்தார், பிரதி கிடைக்கவில்லை என்ற பொருளில் இரண்டு வரிக் குறிப்பு. அவ்வளவுதான்.

எங்கள் கணினிப் பட்டியலில் 'பிரதி' என்று இருந்தது இந்த அட்டைதான். பழைய அட்டைப் பட்டியலைக் கணினிக்கு மாற்றிய காலத்தில், அச்சிட்ட எண் வரிசையைப் பார்த்து ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு சுருக்கப் பதிவு போட்டிருக்கிறார்கள். அட்டையில் நூல் இருக்கிறதா, குறிப்பு மட்டுமா என்று யாரும் பார்க்கவில்லை.

பொருளாளர் மேலே காத்திருந்தார். முழுதாக ஆராய்ந்துவிட்டு ஒரு வாரம் கழித்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். உடனே சொன்னேன். காரணம் எளியது: வார்ப்பகத்தில் வேலை தொடங்கிவிட்டால் அந்த வாசகம் வெண்கலத்தில் நின்றுவிடும், அதை அழிக்க முடியாது. அரைகுறைத் தகவலானாலும் வேலையை நிறுத்த அது போதும். அன்று மாலையே தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, எங்கள் செப்டம்பர் பதில் தவறு, பலகையைத் தயவுசெய்து நிறுத்தி வையுங்கள் என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அவர் பிரசங்கமே செய்யவில்லையா?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு தவறான உறுதியைக் கொடுத்துவிட்டு, அதை விலக்கும்போது மற்ற உண்மைகளின் மேலும் சந்தேகம் விழும்படி செய்துவிட்டேன். அதுதான் எனக்கு இதில் மிகவும் வலித்தது.

தேடல்: நவம்பர் முதல் ஜனவரி வரை

இந்த முறை நூல் இருக்கிறதா என்று மட்டும் தேடக் கூடாது என்று முடிவு செய்தோம். அச்சாகும் வழியில் ஒவ்வொரு படியிலும் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தனித்தனியாகப் பார்ப்பது. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் 'கண்டது' அல்லது 'கேட்டது' என்று குறிப்பது. இளைய சகாதான் இந்த யோசனையைச் சொன்னார்.

திருத்தப் பட்டியல்களை முதலில் பார்த்தோம். ஷிப்டனும் ஜேம்ஸ் மூனியும் 1969இல் எவன்ஸை முழுதாகச் சரிபார்த்து இரண்டு தொகுதிகளாக ஒரு சுருக்கப் பட்டியல் வெளியிட்டார்கள். பேய்ப் பதிவுகளைக் குறித்து வைத்திருக்கும் நூல் அது. செப்டம்பரில் ஐந்து நிமிடம் செலவழித்து அதைத் திறந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. அது எங்கள் மேசையிலிருந்து கை எட்டும் தூரத்தில் இருந்தது. எவன்ஸ் விட்டுவிட்ட 11,000க்கும் மேற்பட்ட அச்சுகளைச் சேர்த்து ரோஜர் பிரிஸ்டல் 1970இல் கொண்டுவந்த பிற்சேர்க்கையிலும் இல்லை. 1800 வரையிலான ஆங்கில அச்சுகளுக்கான இ.எஸ்.டி.சி. பட்டியலிலும், 1956க்கு முந்தைய நூல்களுக்காக 754 தொகுதிகளாக வெளிவந்த, அமெரிக்க நூலகங்களின் தேசிய ஒன்றியப் பட்டியலிலும் இந்தப் பாதிரியாரின் மற்ற பிரசங்கங்கள் இருந்தன, இது இல்லை. சேபினிலும் அப்படியே.

டிசம்பரில் வூஸ்டருக்குப் போனோம். அமெரிக்கன் ஆன்டிக்குவேரியன் சொசைட்டியை 1812இல் தொடங்கியவர் ஐசையா தாமஸ்தான். தன் அச்சகத்தை 1775 ஏப்ரல் 16 இரவில் பாஸ்டனிலிருந்து படகில் கடத்தி வூஸ்டருக்குக் கொண்டுவந்தவர் அவர். அவர் சேர்த்த நூல்களும் செய்தித்தாள்களும்தான் அந்த நூலகத்தின் அடித்தளம். அங்கே 1775ஆம் ஆண்டு பாஸ்டன் செய்தித்தாள்களை அவ்வாண்டின் ஜனவரி இதழ்களிலிருந்து பார்த்தோம். 1775 மார்ச் இதழ்களில் விளம்பரம் கிடைத்தது. தலைப்பு எவன்ஸ் கொடுத்திருப்பதேதான், ஒரு சொல் மாறாமல். தொடக்கம்: அச்சில் இருக்கிறது, விரைவில் வெளிவரும். அதே விளம்பரம் மூன்று முறை வந்தது. 'இன்று வெளியானது' என்ற விளம்பரம் வரவே இல்லை. ஏப்ரல் நடுவில் அந்த அச்சகத்தின் விளம்பரங்களே நின்றுவிடுகின்றன.

ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. ஏப்ரல் 19க்குப் பிறகு பாஸ்டன் முற்றுகைக்குள் போனது. தாமஸ் வூஸ்டரில் மே 3 அன்று தன் செய்தித்தாளை மீண்டும் தொடங்கினார். இன்னொரு பாஸ்டன் செய்தித்தாள் அச்சகரான பெஞ்சமின் ஈடிஸ் ஓர் அச்சுப்பொறியோடு வாட்டர்டவுனுக்குத் தப்பி, ஜூனில் மறுபடி தொடங்கினார். பாதி அச்சுக் கோத்த ஒரு சிறு பிரசங்கத்தை அந்த நாட்களில் யார் நினைத்திருப்பார்கள்? காகிதமும் கிடைக்கவில்லை. ஆனாலும் இதை ஊகம் என்றே எழுதி வைத்தோம்.

தலைவர் கேட்ட கேள்விக்குப் பதில் ஊர்த் தேவாலயத்திலேயே இருந்தது. பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் முதியவர், சபையின் கூட்டப் பதிவேட்டை எடுத்து வந்தார். 1774 டிசம்பர் கடைசியில், நன்றி நாளன்று செய்த பிரசங்கத்துக்காகப் பாதிரியாருக்கு நன்றி சொல்லவும், அச்சுக்காக ஒரு படி கேட்டு வாங்கவும் சபை வாக்களித்திருக்கிறது. அக்காலப் பிரசங்கங்களின் முகப்பில் 'கேட்டவர்களின் வேண்டுகோளின்படி வெளியிடப்பட்டது' என்று இருப்பது வெறும் அலங்காரமில்லை. பின்னால் இப்படி ஒரு வாக்கெடுப்பு இருந்திருக்கும். ஆக, பிரசங்கம் செய்தது உண்மை. ஊர் அதை அச்சிட விரும்பியது உண்மை. அச்சகத்துக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அடுத்த மூன்று ஆண்டுக் கணக்கில் ஒரு வரியும் இல்லை.

மேற்கோள் எங்கிருந்து வந்தது

இத்தனைக்கும் பிறகு ஒரு முடிச்சு அவிழாமல் இருந்தது. 1880களின் ஊர் வரலாறு அந்தப் பிரசங்கத்திலிருந்து இரண்டு வாக்கியங்களைக் கொடுத்திருக்கிறதே? மக்களின் பொறுமையை அணை கட்டிய ஆற்றுக்கு ஒப்பிடும் அழகான வாக்கியங்கள். பள்ளியில் குழந்தைகள் மனப்பாடம் செய்யும் அளவுக்கு ஊரில் அவை பிரபலம். மேற்கோள் இருந்தால் யாரோ பிரதியைப் பார்த்திருக்க வேண்டும். பொருளாளர் இதையே விடாமல் கேட்டார். நியாயமான கேள்வி.

அந்த வாக்கியங்களைக் கணினித் தொகுப்பில் தேடினோம், ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. 18ஆம் நூற்றாண்டு அச்சில் சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து நீளமாக, கிட்டத்தட்ட 'எஃப்' போல இருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே படித்துவிடும். 'எஸ்' இல்லாத சொற்களாகப் பொறுக்கி மறுபடி தேடினோம். வந்தது. அதே பாதிரியார் 1772இல் வேறோர் ஊரில், ஒரு இளம் பாதிரியார் பதவியேற்றபோது செய்த பிரசங்கம். அச்சாகி, பிரதியும் இருக்கிறது. வாக்கியங்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனால் அங்கே பேச்சு அரசரைப் பற்றியோ வரியைப் பற்றியோ இல்லை. சபைக்குள் நடக்கும் சண்டைகளைப் பற்றி, பாதிரியார்கள் மக்களின் பொறுமையைச் சோதிக்கக் கூடாது என்று சொல்லும் இடம்.

ஊர் வரலாற்றை எழுதியவர் வேண்டுமென்றே செய்தாரா, குறிப்புகள் கலந்துபோனதா என்று சொல்ல முடியாது. பிரசங்கத்தின் தலைப்பை அவர் சுருக்கியிருக்கும் விதமும், அதில் உள்ள ஒரு எழுத்துப் பிழையும் 1874 பட்டியலில் இருப்பது போலவே இருக்கின்றன. எனவே தலைப்பை அங்கிருந்து எடுத்தார் என்று சொல்லலாம். எவன்ஸின் தலைப்போ விளம்பரத்தோடு முழுமையாக ஒத்துப்போகிறது. எங்கள் மைக்ரோபிரிண்ட் பதிவு எவன்ஸிலிருந்து வந்தது. இப்படிக் கோடு போட்டுப் பார்த்தபோது, செப்டம்பரில் நாங்கள் எண்ணிய நான்கு சாட்சிகளும் ஒரே ஒரு செய்தித்தாள் விளம்பரத்தில் போய் முடிந்தன.

பிப்ரவரி கூட்டம்

2025 பிப்ரவரியில் ஊர் நூலகத்தில் குழு கூடியது. நாங்கள் இருவரும் போனோம். முதலில் எங்கள் தவறைச் சொன்னோம். பிறகு கண்டவை ஒரு பக்கம், கேட்டவை ஒரு பக்கமாக எழுதிய தாளைக் கொடுத்தோம்.

பொருளாளர் ஓர் எதிர்வாதம் வைத்தார். பிரதி கிடைக்கவில்லை என்பதால் அச்சாகவில்லை என்று ஆகிவிடுமா? நூறு பிரதி அடித்து முற்றுகையில் எரிந்துபோயிருக்கலாமே? அவர் சொன்னது சரி. அந்தக் காலத் துண்டு வெளியீடுகளில் ஒரே ஒரு பிரதி மட்டும் மிஞ்சியவை ஏராளம். ஒன்றுகூட மிஞ்சாதவையும் இருந்திருக்கும். 'அச்சாகவில்லை' என்று நாங்கள் எழுதினால், அது செப்டம்பரில் 'அச்சானது உறுதி' என்று எழுதியதைப் போன்ற அதே தவறாகிவிடும். எங்கள் தாளில் ஓர் இடத்தில் அப்படித்தான் எழுதியிருந்தோம். அங்கேயே அடித்துத் திருத்தினோம்.

முதியவர் அதிகம் பேசவில்லை. அணை கட்டிய ஆற்றைப் பற்றிய வரிகளைத் தன் பாட்டி சொல்லிக் கேட்டவர் அவர். அந்த வரிகள் பாதிரியாருடையவைதான், அவர் வாயிலிருந்து வந்தவைதான், ஆண்டும் சந்தர்ப்பமும் மட்டுமே வேறு என்று தலைவர் அவரிடம் மெல்லச் சொன்னார். அவர் கொஞ்சம் ஆறுதல் அடைந்த மாதிரி தெரிந்தது.

எடுத்த முடிவுகள்

பலகையின் வாசகம் மாறியது. 1774 டிசம்பர் 15 அன்று இங்கே பிரசங்கம் நடந்தது, சபை அதை அச்சிட விரும்பி வாக்களித்தது: இந்த இரண்டு மட்டும். இரண்டுக்கும் கையெழுத்துப் பதிவேடு இருக்கிறது. அச்சான விஷயம் பலகையில் வேண்டாம் என்று முடிவானது. பலகையில் அடிக்குறிப்பு போட முடியாது. சந்தேகத்துக்கு அங்கே இடம் கிடையாது.

சிறு நூலில் இடம் உண்டு. அதில் விளம்பரத்தின் படத்தையும் பதிவேட்டுப் பக்கத்தின் படத்தையும் போட்டு, தேடிய கதையை முழுதாகச் சொல்வது என்று தீர்மானித்தார்கள். இல்லாத பிரசங்கத்துக்குப் பதிலாக 1772 பிரசங்கத்தை, அதன் உண்மையான ஆண்டோடும் சந்தர்ப்பத்தோடும் முழுதாக மறுபதிப்பு செய்வது. கார்டனின் பிரசங்கத்திலிருந்து சில பத்திகளைச் சேர்த்து, அதே நாளில் பக்கத்தில் எப்படிப் பேசினார்கள் என்று காட்டலாம் என்பது தலைவரின் யோசனை. வேறொருவரின் பிரசங்கத்தைத் தங்கள் பாதிரியாருக்குப் பதிலாக நிறுத்துவதுபோல ஆகிவிடும் என்று மற்றவர்கள் தயங்கியதால் அது விடப்பட்டது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

எங்கள் பட்டியலில் அந்தப் பதிவை நீக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீக்கினால், அடுத்து வருபவர் எவன்ஸில் இந்த எண்ணைப் பார்த்து முதலிலிருந்து தொடங்குவார். பதிவை வைத்துக்கொண்டு, '1 பிரதி' என்பதை எடுத்துவிட்டு, பிரதி எதுவும் கிடைக்கவில்லை, எவன்ஸின் ஆதாரம் இன்ன விளம்பரம், தேதி இது என்று குறிப்பு சேர்த்தோம். மேற்கோளின் உண்மையான இடத்தையும் சேர்த்தோம்.

பின் நடந்தது

வார்ப்பகம் பழைய வாசகத்துக்கு வார்ப்பு அச்சு மட்டும்தான் தயாரித்திருந்தது, உலோகம் ஊற்றவில்லை. அச்சுக்கான செலவைக் குழு ஏற்க வேண்டியதாயிற்று. அதைத் தர எங்கள் நூலகம் முன்வந்தது. தலைவர் வேண்டாம் என்றார். ஏப்ரலில் பலகை திறக்கப்பட்டது. நூல் சில வாரம் தாமதமாக வந்தது. ஊரில் பலர் அதில் விரும்பிப் படித்தது பதிவேட்டுப் பக்கத்தைத்தான்: தங்கள் முன்னோர்களின் பெயர்கள் வாக்களித்தவர்களின் வரிசையில் இருந்தன.

நூலைப் பார்த்துவிட்டு, வேறு மாநிலத்தில் இருக்கும் பாதிரியாரின் வழித்தோன்றல் ஒருவர் எழுதினார். குடும்பத்தில் ஒரு மரப்பெட்டி நிறையப் பிரசங்கக் கையெழுத்துப் படிகள் இருக்கின்றன, நூலால் தைத்த சிறு ஏடுகள். படங்கள் அனுப்பினார். பார்த்தவரை எல்லாம் 1780களைச் சேர்ந்தவை. அச்சகத்துக்குக் கொடுத்த படி அங்கே திரும்பி வந்ததற்கான தடயம் இல்லை.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

பழைய அச்சு நூல் ஒன்று 'உண்டா' என்று கேட்டு வரும் கேள்விக்கு இப்போது எங்கள் பதிலின் முதல் வரி, பிரதியை யார், எங்கே, எப்போது பார்த்தார் என்பதுதான். பார்க்கவில்லை என்றால் அதையே முதலில் சொல்கிறோம். எவன்ஸை மேற்கோள் காட்டினால் 1969 திருத்தப் பட்டியலையும் பார்த்த பிறகே காட்டுகிறோம். பல பட்டியல்கள் ஒத்துப்போனால், எது எதிலிருந்து எடுத்தது என்று கேட்கிறோம். இதற்கு நேரம் பிடிக்கிறது, இரண்டு நாளில் பதில் என்ற எங்கள் பழைய வழக்கம் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பொருந்தவில்லை. பணம் செலவாகப்போகிறதா, கல்லிலோ உலோகத்திலோ எழுதப்போகிறார்களா என்பதையும் கேட்டுக்கொள்கிறோம்.

நிலவறைப் பெட்டிகளை இளைய சகா வாரம் ஒரு பிற்பகல் திறந்து, அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்க்கிறார். குறிப்பு மட்டும் உள்ள அட்டை வரும்போதெல்லாம் கணினிப் பதிவைத் திருத்துகிறார். 1740கள் வரை முடித்திருக்கிறார்.